‘மோதினதாம்’: கண்ணால் காணாதவர் எழுதும் ரிக்கெற்



இந்த மேடையில் எனக்கு முன்பு பேசியவர்கள் தமிழறிஞர்கள். நானோ பத்தொன்பது ஆண்டுகள் ஒன்ராறியோ நீதிமன்றங்களில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் நின்று, பிறர் சொன்னதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவன். கொலை வழக்குகளிலும் குடும்ப வழக்குகளிலும் மொழிபெயர்த்திருக்கிறேன். இருந்தும், இந்தச் சொற்பொழிவுக்கு அறக்கட்டளையார் அழைத்தபோது வீதிப் போக்குவரத்து ரிக்கெற் பற்றித்தான் பேச வேண்டும் என்று தோன்றியது. அதிலும் ஒரு வகையைப் பற்றி. நீங்கள் கார் ஓட்டியதைத் தன் கண்ணால் காணாத பொலிஸ் உத்தியோகத்தர், பின்னால் வந்து எழுதித் தருகிற ரிக்கெற்.

காரணம் இருக்கிறது. எங்கள் சனங்களில் மிகப் பெரும்பாலானோர் வாழ்நாளில் ஒரேயொரு நீதிமன்றத்தைத்தான் பார்க்கிறார்கள். அது மாகாணக் குற்றங்களை விசாரிக்கும் நீதிமன்றம். ‘நிரூபிப்பது’ என்றால் என்ன என்பதை ஒரு சாதாரண மனிதர் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் அது. அந்த இடத்தில் தமிழ் இலக்கணத்தின் ஒரு சிறிய இடைச்சொல் எனக்குப் பல நாள் நித்திரையைக் கெடுத்திருக்கிறது. அதைச் சொல்ல ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன். திறந்த நீதிமன்றத்தில் நடந்த விசாரணைதான். ஆனாலும் ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

பெருந்தொற்றுக்குச் சில ஆண்டுகள் முன்பு. ஸ்காபரோவில் ஒரு சந்தி, மாசி மாதம், ஐந்தரை மணி, பொழுது சாயும் நேரம். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்யும் ஓர் அம்மா, பதினான்கு வயது மகனை ரியூஷன் வகுப்பிலிருந்து ஏற்றிக்கொண்டு வருகிறார். இடப்பக்கம் திரும்பச் சந்தியின் நடுவில் காத்து நின்று, திரும்புகிறார். எதிரே வந்த கார் அவருடைய காரின் வலப்பக்கக் கதவில் மோதுகிறது. பெரிய காயம் ஒருவருக்கும் இல்லை. உத்தியோகத்தர் வந்தபோது அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. கார்கள் இரண்டும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தன. அவர் மற்றச் சாரதியோடு ஆங்கிலத்தில் பேசினார். பிறகு இந்த அம்மாவிடம் வந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் வேலையிடத்து அளவுக்குத் தெரியும்; நடுங்கிக்கொண்டிருந்ததில் அதுவும் வரவில்லை. மகன் மொழிபெயர்த்தான்.

“என்ன நடந்தது?”

“நான் அவரைக் காணேல்லை தம்பி” என்றார் அம்மா.

மகன் ஆங்கிலத்தில் சொன்னதன் பொருள்: ‘அம்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை.’

உத்தியோகத்தர் அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். கவனயீனமாக வாகனம் செலுத்தியது என்று ரிக்கெற் எழுதிக் கொடுத்தார்.

காண்பது வேறு, பார்ப்பது வேறு என்பதை இந்த அவைக்கு நான் விளக்கத் தேவையில்லை. பார்ப்பது நாம் செய்வது. காண்பது கண்ணுக்கு நேர்வது. பார்த்தும் காணாமல் போகலாம். ‘காணேல்லை’ என்பவர் பார்த்தேன், ஆனால் கண்ணில் படவில்லை என்கிறார். ‘பாக்கேல்லை’ என்பவர் தன் கடமையைச் செய்யவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். கவனயீனம் என்ற குற்றச்சாட்டில் இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில்தான் முழு வழக்கும் இருக்கிறது. அந்தப் பிள்ளை பிழை செய்தான் என்று நான் சொல்லவே மாட்டேன். இங்கே பிறந்து, வீட்டுத் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு, உடைந்த கண்ணாடிகளுக்கு நடுவில் நின்று, தாய்க்காகப் பேசியவன் அவன்.

ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 130ஆம் பிரிவு கவனயீனமாக வாகனம் செலுத்துவதைக் குற்றமாக்குகிறது. 400 முதல் 2,000 டொலர் வரை தண்டம், ஆறு குறைப்புள்ளிகள், இரண்டு ஆண்டுகள் வரை அனுமதிப்பத்திர இடைநிறுத்தம், ஆறு மாதம் வரை சிறை என்று அந்தப் பிரிவும் அதைச் சார்ந்த ஒழுங்குவிதிகளும் சொல்கின்றன. கையில் ரிக்கெற்றாக வரும் வழக்கில் சிறை இல்லை. ஆனால் குற்றத் தீர்ப்பு பதிவானால் காப்புறுதிக் கட்டணம் ஏறும் ஏற்றத்தில் தண்டப் பணம் ஒரு பொருட்டே அல்ல என்று ஆகிவிடும். வாகனம் இல்லாமல் இரவு வேலைக்குப் போக முடியாத ஒரு தாய்க்கு அது வீட்டு வாடகையைத் தொடும் விடயம்.

சரி, கண்ணால் காணாதவர் எப்படி எழுதலாம்? இது எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. “அவர் அங்க நிக்கவே இல்லை, பிறகெப்படி எழுதுவார்? இது செல்லாது” என்று திருமண மண்டபங்களில் உறுதியாகச் சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். அது பிழை. ஒன்ராறியோவின் மாகாணக் குற்றங்கள் சட்டம், குற்றம் நடந்ததாக உத்தியோகத்தர் நம்பினால் போதும், எழுதலாம் என்கிறது. காண வேண்டும் என்று சொல்லவில்லை. சம்பவம் நடந்து முப்பது நாட்களுக்குள் உங்கள் கையில் தந்தால் சரி. காயமில்லாத சிறு விபத்துக்களுக்கு ரொறன்ரோவில் பொலிஸ் பெரும்பாலும் இடத்துக்கே வருவதில்லை. விபத்து முறைப்பாட்டு நிலையத்துக்குக் காரைக் கொண்டுபோகச் சொல்வார்கள். அங்கே மேசைக்குப் பின்னாலிருந்து இரண்டு பக்கக் கதையையும் கேட்கும் உத்தியோகத்தர், அந்த வீதியை அன்றைக்குக் கண்ணாலேயே பாராமல், ரிக்கெற் எழுதலாம்.

ஆகவே ரிக்கெற் செல்லும். ஆனால் அது என்ன கடதாசி என்பதில்தான் எங்கள் சனங்கள் ஏமாந்துபோகிறார்கள். அது ஒருவருடைய நம்பிக்கையின் பதிவு. தீர்ப்பு அல்ல, சான்றும் அல்ல. எழுதுவதற்கு நம்பிக்கை போதும். தண்டிப்பதற்கு நம்பிக்கை போதாது. நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். 1978இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் சூ செயின்ற் மரி நகரத்தின் வழக்கில் இந்த வகைச் சிறு குற்றங்களுக்கான விதியை வகுத்தது. அது போக்குவரத்து வழக்கல்ல, ஒரு நகரத்தின் குப்பை ஓடையை மாசாக்கிய வழக்கு. செயல் நடந்தது என்பதை அரசுதரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். அதன் பிறகுதான், நான் தக்க கவனம் எடுத்தேன் என்று காட்டும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவரிடம் வரும். கவனயீனம் என்பதற்கு அளவு என்ன என்பதை 1953இலேயே ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் பூஷாம் வழக்கில் சொல்லிவிட்டது. பிழையே விடாத சாரதியை யாரும் கேட்கவில்லை. சாதாரணமான ஒருவர் அந்த நிலைமையில் எடுக்கும் கவனம்தான் அளவு; அதிலிருந்து விலகியது தண்டனைக்குத் தகுந்த அளவுக்கு இருக்கவும் வேண்டும். விபத்து நடந்தது என்பதாலேயே கவனயீனம் நிரூபணமாகிவிடாது.

இனி அந்த இடைச்சொல்லுக்கு வருகிறேன்.

‘கார் மோதினது’ என்று நான் சொன்னால், நான் கண்டேன் என்று நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள். ‘கார் மோதினதாம்’ என்றால்? யாரோ சொல்லக் கேட்டேன், உண்மைக்கு நான் பொறுப்பில்லை. ‘ஆம்’ என்ற ஒரு ஒட்டு, சொல்பவரைச் சம்பவ இடத்திலிருந்து தூக்கி வெளியே வைத்துவிடுகிறது. எங்கள் ஆச்சிமார் இதைப் பிழையில்லாமல் பாவிப்பார்கள். அயல்வீட்டுக் கலியாணம் குழம்பியதைச் சொல்லும்போது, தான் கண்ட பகுதிக்கு ‘ஆம்’ வராது. கேட்ட பகுதிக்கு வராமல் இருக்காது. நாலு வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும். “அண்ணா அடிச்சவனாம்” என்று சொன்னால், அடி விழுந்ததை அந்தப் பிள்ளை காணவில்லை.

ஆங்கிலத்தில் இந்த ஒற்றை ஒட்டு இல்லை. அதற்கென்று தனியாக ஒரு சொல்லோ வாக்கியமோ போட வேண்டும். வேகமாக மொழிபெயர்க்கையில் அது விழுந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டுகளில் நான் அதை விழவிட்டிருக்கிறேன். ‘அவர் சிவப்பிலை வந்தவராம்’ என்று சாட்சி சொன்னதை, ‘அவர் சிவப்பு விளக்கில் வந்தார்’ என்று ஆங்கிலமாக்கியிருக்கிறேன். அந்தக் கணத்தில் ஒரு செவிவழிச் செய்தியைக் கண்கண்ட சாட்சியமாக மாற்றிவிட்டேன் என்பது, மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இடைவேளையில் என் கையைப் பிடித்துச் சொன்னபோதுதான் உறைத்தது. அந்த வழக்கு எப்படி முடிந்தது என்பது எனக்கு நினைவில்லை. நினைவில்லாததே இன்றும் என்னை உறுத்துகிறது.

சட்டம் கேள்விச் சான்று என்று சொல்வது இந்த ‘ஆம்’ ஒட்டிய பேச்சைத்தான். பிறர் சொன்னதை, அது உண்மை என்று நிரூபிப்பதற்காக, கேட்டவர் வந்து சொல்லக்கூடாது. சொன்னவரே வர வேண்டும். ஏனென்றால் அவரைத்தான் குறுக்கு விசாரணை செய்ய முடியும். எங்கே நின்றீர்கள், எவ்வளவு தூரம், உங்கள் கண்ணாடியில் பனி படிந்திருந்ததா, கையில் தொலைபேசி இருந்ததா என்று உத்தியோகத்தரிடம் கேட்டுப் பயனில்லை. அவர் அங்கே இல்லை. இந்த விதி எங்களுக்குப் புதியதும் அல்ல. இந்தியாவில் 2024 வரை நடைமுறையில் இருந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும், அதைப் பின்பற்றி இலங்கையில் வந்த 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டமும் 60ஆம் பிரிவில் இதையே சொல்கின்றன: காணக்கூடிய ஒன்றைப் பற்றிய வாய்மொழிச் சான்று, நான் கண்டேன் என்று சொல்பவருடையதாக இருக்க வேண்டும்.

இன்னும் பின்னே போகலாம். மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரத்தில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் மணிமேகலை அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசும் அளவைவாதி, ஒன்றை உண்மையென்று அறியும் வழிகளை அடுக்குகிறான். காண்டல், கருதல் என்று தொடங்கும் அந்த வரிசையில் ஐதிகம் என்பதும் ஒன்று. அதற்கு அவன் தரும் உதாரணம், இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்வதை நம்புவது. நீதிமன்றத்தில் கேள்விச் சான்றுக்கு எதிரான ஆட்சேபம் எழும்போதெல்லாம் எனக்கு அந்த மரம் ஞாபகம் வரும். பிற்காலத்தில் சிவஞான சித்தியாரின் அளவையியலில் அருணந்தி சிவாசாரியார் பலவகை அளவைகளையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறார். அங்கே உரை என்பது நம்பத்தகுந்த முதல்நூலின் சொல். ஊர்ப்பேச்சு அல்ல. சொல் எல்லாம் சான்று அல்ல, யாருடைய சொல் என்பது கேள்வி என்று எங்கள் தருக்கமும் கண்டிருக்கிறது.

கருதல் என்ற நடுவழியை மறந்துவிடக் கூடாது. காணாத உத்தியோகத்தருக்கும் அது உண்டு. புகை கண்டு நெருப்பை உணர்வதுபோல, வீதியில் இழுபட்ட ரயர் தடம், உடைந்த கண்ணாடி கிடந்த இடம், காரின் எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது, எந்த அளவுக்கு, வீதி ஈரமா பனியா என்று தானே கண்டதை அவர் சொல்லலாம். அதிலிருந்து நடந்ததை நீதிமன்றம் உய்த்துணரலாம். அயலில் நின்ற காரின் முகப்புக் கமெரா எல்லாவற்றையும் பதிந்திருக்கலாம். அந்த நிலையில் உத்தியோகத்தர் கண்டாரா இல்லையா என்ற வாதம் ஓட்டைப் பானை. ஆனால் எங்கள் அம்மாவின் வழக்கில் கார்கள் தள்ளப்பட்டிருந்தன, கண்ணாடித் துண்டுகளின் மேல் வேறு வாகனங்கள் ஓடிவிட்டன, கமெரா இல்லை. நசுங்கிய கதவு இடத்தைச் சொல்லுமே தவிர, எந்த விளக்கு எரிந்தது, எதிரே வந்தவர் எவ்வளவு வேகத்தில் வந்தார் என்பதைச் சொல்லாது.

ஆனால் அந்த வழக்கில் அம்மாவுடைய சொந்த வாய்மொழி இருந்தது. கேள்விச் சான்று விதிக்கு ஒரு பெரிய விலக்கு இதுதான். மற்றச் சாரதி சொன்னதை உத்தியோகத்தர் வந்து சொல்ல முடியாது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் தானே சொன்னதைச் சொல்லலாம், அது ஒப்புதல். வீதியோரத்தில் பதற்றத்தில் வாயிலிருந்து வரும் ஒரு வசனம் ஏழெட்டு மாதம் கழித்து நீதிமன்றத்தில் எழுந்து நிற்கும். எங்கள் பழக்கத்தில் நாங்கள் யாரையாவது முட்டிவிட்டால், பிழை யாருடையதானாலும், “மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்போம், அது மரியாதை. குறிப்புப் புத்தகத்தில் அது வேறு நிறம் எடுக்கும்.

இதற்கும் சட்டம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. விபத்தைப் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டமே கட்டாயப்படுத்துகிறது. ஒன்ராறியோவில் அது 199ஆம் பிரிவு. கட்டாயப்படுத்திச் சொல்லவைத்துவிட்டு, சொன்னதையே கழுத்துக்குக் கயிறாக்கலாமா? 1999இல் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வந்த வைற் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. சட்டம் கேட்கிறது என்று நேர்மையாகவும் நியாயமாகவும் நம்பிச் சொன்னதை, சொன்னவருக்கு எதிராகக் குற்ற வழக்கில் பாவிக்க முடியாது. 2011இல் சூல்ஸ் வழக்கில் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 199ஆம் பிரிவுக்கும் பொருத்தியது. அந்த நம்பிக்கையோடுதான் சொன்னேன் என்று காட்ட வேண்டியது சாரதியின் பொறுப்பு. இதைத் தெரிந்து ஆட்சேபிப்பவர் நூற்றுக்கு ஒருவராவது இருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

விசாரணை நாளுக்கு வருவோம். மார்க்கம் சாலை நீதிமன்றம். நீதிபதி இடத்தில் இருப்பவர் சமாதான நீதவான். எங்கள் ஊரில் ஜே.பி. என்றால் பத்திரங்களில் ஒப்பமிட்டு உறுதிப்படுத்தும் ஊர்ப் பெரியவர். அதனால் எங்கள் ஆட்கள் இந்தப் பதவியைக் குறைத்து எடைபோடுவதுண்டு. இங்கே அவருக்கு இந்தக் குற்றங்களில் முழு விசாரணை அதிகாரம் உண்டு.

மற்றச் சாரதி வரவில்லை. உத்தியோகத்தர் வந்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: அவர் பொய் சொல்லவில்லை, மிகைப்படுத்தவில்லை. குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பிக்க அனுமதி கேட்டு, கண்டதை ஒழுங்காகச் சொன்னார். ‘மற்றச் சாரதி என்னிடம் சொன்னது...’ என்று தொடங்கியபோது நீதவான் கையை உயர்த்தி நிறுத்தினார். வழக்குத் தொடுநர் அடுத்து அம்மாவின் வாக்குமூலத்துக்குப் போனார். அம்மாவுக்காக வந்திருந்த பராலீகல், அதாவது இத்தகைய சிறு வழக்குகளில் வாதாட உரிமம் பெற்றவர், எழுந்து ஒரேயொரு கேள்வி கேட்டார். “உங்களுக்குத் தமிழ் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்படியானால் அவர் சொன்னதை நீங்கள் எப்படி அறிந்தீர்கள்?”

“மகன் சொன்னார்.”

அந்த மண்டபம் ஒரு கணம் அமைதியானது. நான் அம்மாவின் காதோரம் குனிந்து அந்தக் கேள்வியையும் பதிலையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போதே எனக்கு விளங்கியது. அம்மாவின் ஒப்புதல் என்று கருதப்பட்டதுகூட உத்தியோகத்தருக்கு ‘ஆம்’தான். அம்மா பார்க்கவில்லையாம். அவர் காதில் விழுந்தது அம்மாவின் சொல் அல்ல, பதினான்கு வயதுப் பிள்ளையின் ஆங்கிலம். அந்தப் பிள்ளை சாட்சிக் கூண்டில் ஏறி, அம்மா என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்று சொல்லாதவரை அந்த வசனத்துக்குத் தாய் இல்லை. தன் தாய்க்கு எதிராக அவனை யாரும் அழைக்கவில்லை.

குற்றச்சாட்டு தள்ளுபடியாயிற்று. எல்லாமாக இருபத்தைந்து நிமிடம் இருக்கும்.

வெளியே நடைபாதையில் அந்தப் பையன் என்னிடம் வந்தான். அப்போது பதினைந்து வயதாகியிருக்கும். “அங்கிள், அண்டைக்கு நான் பிழையாச் சொன்னனானோ?” என்று கேட்டான். மொழிபெயர்ப்பாளர் வழக்காளிகளோடு வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது. நான் பேசினேன். அது என் தொழிலில் விதிமீறல், இன்றைக்கும் பேசுவேன். “தம்பி, அந்த இடத்தில் உன்னிடம் அதைக் கேட்டதுதான் பிழை” என்றேன்.

எங்கள் சனங்கள் ஏன் எதிர்த்து நிற்காமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள் என்பதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். நேரமின்மை ஒரு காரணம். ஒரு நாள் வேலை போகும். ஆனால் அதற்கு அடியில் வேறொன்று இருக்கிறது. நாங்கள் விட்டுவந்த இலங்கையில் பொலிஸ் எழுதிய கடதாசி என்பது முடிந்த கதை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாதவர் முன் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்கச் செய்தது. சாதாரணச் சட்டத்தில் பொலிசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்றிருந்த காப்பை அது எடுத்துவிட்டது. வற்புறுத்தலால் சொன்னது என்றால் அதைச் சொன்னவரே நிரூபிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்ட சிங்கராசா என்பவரின் வழக்கு அதற்குச் சாட்சி. தமிழ் மட்டும் தெரிந்த அவருடைய ஒப்புதல் ஒரு பொலிஸ்காரர் மொழிபெயர்க்கச் சிங்களத்தில் பதியப்பட்டு, அவருடைய பெருவிரல் அடையாளம் அதில் பதிக்கப்பட்டது. வேறு சான்று இல்லாமல் அதை வைத்தே தண்டிக்கப்பட்டார். அவருக்கு நீதியான விசாரணை கிடைக்கவில்லை என்று 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு முடிவு சொன்னது. அந்தக் கொடுமையையும் வீதி ரிக்கெற்றையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. ஆனால் அந்தப் பயத்தை நெஞ்சில் கொண்டுவந்த ஒருவர் மார்க்கம் சாலையில் கையில் ரிக்கெற்றோடு நிற்கும்போது, ‘பொலிஸ் எழுதிவிட்டது, இனியென்ன’ என்று நினைப்பது இயல்பு. அவருக்கு, இது இன்னும் ஒருவருடைய நம்பிக்கை மட்டும்தான் ஐயா, என்று தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. ரிக்கெற் கிடைத்து பதினைந்து நாட்களுக்குள் பதில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், எதிர்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டு நீங்கள் இல்லாமலே குற்றத் தீர்ப்பு பதிவாகும். எங்கள் ஆட்கள் தோற்கும் வழக்குகளில் பெரும்பாலானவை எனக்குத் தெரிந்தவரை இப்படித் தோற்றவைதான். விசாரணை கேட்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அடையாளமிடுங்கள், செலவு உங்களுடையது அல்ல. அது சலுகை அல்ல, உரிமைகள் சாசனத்தின் 14ஆம் பிரிவு. 1994இல் வியட்நாம் மொழி பேசுபவர் ஒருவரின் ட்ரான் வழக்கில், மொழிபெயர்ப்பாளர் சுருக்கிச் சொன்னது போதாது என்று உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. பிறகு, டிஸ்குளோஷர் கேளுங்கள்: உத்தியோகத்தரின் குறிப்பு, சாட்சிகளின் வாக்குமூலம், படம், எல்லாம். 1991இல் ஸ்ரின்ச்கோம் வழக்கிலிருந்து அரசுதரப்பு அவற்றைக் காட்டக் கடமைப்பட்டது. அந்தக் குறிப்பைக் கையில் எடுத்து, ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘ஆம்’ சேர்த்து வாசித்துப் பாருங்கள். எந்த வரி ‘ஆம்’ இல்லாமல் நிற்கிறதோ அதுதான் உங்கள் வழக்கு. காப்புறுதி நிறுவனம் யார் பிழை என்று தீர்மானிப்பது வேறு விதிகளின்படி. ரிக்கெற் தள்ளுபடியானாலும் அங்கே பிழை உங்களுடையதாகலாம். நான் வழக்கறிஞர் அல்ல. ஒன்ராறியோவில் 2007 முதல் பராலீகல்களுக்கு உரிமம் உண்டு. உரிமம் உள்ளவரிடம் போங்கள்.

யார் ஓட்டினார் என்று தெரியாதபோது என்ன செய்வது என்பதைச் சட்டம் ஓரிடத்தில் நேர்மையாகவே கையாண்டிருக்கிறது. சிவப்பு விளக்குக் கமெராவின் தண்டம் காரின் சொந்தக்காரருக்குப் போகிறது, ஆனால் குறைப்புள்ளி இல்லை. ஓட்டியவரை யாரும் காணவில்லை என்பதால் ஓட்டுநர் மேல் கறை வைக்கவில்லை.

இப்போது மற்றப் பக்கம். அதைச் சொல்லாமல் இறங்கினால் நான் பாதி சொன்னவனாவேன்.

இதே நீதிமன்றத்தில் வேறொரு நாள். வீதியைக் கடந்த எங்கள் முதியவர் ஒருவரை ஒரு கார் தட்டியிருந்தது. இடுப்பெலும்பு முறிவு. அங்கேயும் உத்தியோகத்தர் கண்ணால் காணவில்லை. கண்டவர் ஒருவர் இருந்தார், கடை வாசலில் நின்ற ஒரு தமிழர். அவருக்கு அழைப்பாணை போகவில்லை. ஏனென்றால் சம்பவ இடத்தில் அவர் தன் பெயரைக் கொடுக்கவில்லை. முதியவருக்கு அடிபட்ட கணம் நினைவில் இல்லை. வழக்கு விழுந்தது. அதே விதி, அதே சமாதான நீதவானின் கையுயர்த்தல். முதியவரின் மகள் என்னைப் பார்த்து, “அப்ப ஒருத்தருமே இடிக்கேல்லையோ?” என்று கேட்டார். நீதிமன்றத்தில் பேச எனக்கு அனுமதி இல்லாத தமிழ் வாக்கியங்கள் அன்று நிறைய இருந்தன.

கேள்விச் சான்று விதியைத் தளர்த்த வேண்டும் என்று அந்த மகள் கேட்கலாம். கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. சொன்னவர் வரவே முடியாத நிலை, சொன்னது நம்பகமானது என்ற இரண்டும் காட்டப்பட்டால் உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்துத்தான் இருக்கிறது. 2006இல் கெலவொன் வழக்கு அதை விரிவாகப் பேசுகிறது. ஆனால் அன்று இடம் கொடுக்க ஒரு சொல்லும் இருக்கவில்லை. கண்டவர் கண்டதைச் சொல்லாமல் கடைக்குள் போய்விட்டார். ‘எங்களுக்கேன் வில்லங்கம்’ என்பதுதான் அவருடைய காரணம் என்று பிறகு அறிந்தேன். அவரும் எங்கள் நாட்டிலிருந்து, சாட்சி சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்பதைத் தெரிந்து வந்தவர். அவரை நான் குறை சொல்லும்போது என் குரல் தடுமாறுகிறது. ஆனாலும் சொல்கிறேன்: விபத்தைக் கண்டால் நில்லுங்கள். பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுங்கள். அழைத்தால் வந்து ‘ஆம்’ இல்லாமல் பேசுங்கள். அந்த அம்மாவுக்குக் கிடைத்த பாதுகாப்பை வைத்திருக்கவும், இந்த முதியவருக்குக் கிடைக்காததைக் கொடுக்கவும் எனக்குத் தெரிந்து வேறு வழியில்லை.

அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சொற்பொழிவை அச்சிடும்போது, ரிக்கெற்றின் பின்பக்கத்தில் உள்ளதைத் தமிழில் விளக்கும் ஒரு தாளையும் சேர்த்து, நூலகங்களிலும் கோயில்களிலும் வையுங்கள். எழுதித் தர நான் ஆயத்தம்.

அந்த அம்மாவின் கதையைச் சொல்லும் இடமெல்லாம் ஒருவர் எழுந்து கேட்பார்: “எல்லாம் சரி, உண்மையிலை ஆற்றை பிழை?” இன்றைக்கும் கேட்பீர்கள். பத்தொன்பது ஆண்டுகளில் அந்த வழக்கின் தாள்களைப் போல வேறெதையும் நான் மனத்தில் புரட்டிப் பார்த்ததில்லை. விளக்கு மஞ்சளாக இருந்திருக்கலாம். எதிரே வந்தவர் வேகமாக வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் அந்தச் சந்தியில் நிற்கவில்லை.